மறு: புரதக் கணக்குக்கு ஒரு சொல் – ‘புரத ஈடு’ பற்றி

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உண்ட புரதம் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு மாவுச்சத்து அளவுக்கு ஏற்றும் என்ற கணக்குக்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டு ஆம்பூர் அம்மா தொடங்கிய இழையில் ‘புரதச் சர்க்கரை’, ‘புரத நிகர்’, ‘புரதச் சமானம்’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. இவற்றைவிட ‘புரத ஈடு’ பொருந்தும் என்பது என் கருத்து. காரணத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

எனக்கு இந்தச் சொல் தேவைப்பட்டது ஒரு நோட்டுப் புத்தகத்துக்காக. காட்பாடியில் எங்களோடு இருக்கும் என் அக்கா மகனுக்கு முதல் வகை நீரிழிவு. டாக்டரின் கண்காணிப்பில் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறான். நேரம், சாப்பாடு, மாவு, ஊசி, சுகர் என்று ஐந்து பத்திகள் கோடு போட்டு எழுதி வருகிறோம். ஒரு ஞாயிறு இரவு எட்டு மணிக்குச் சோறே இல்லாமல், வெந்த ஆட்டுக்கறி 200 கிராம், இரண்டு முட்டை, கொஞ்சம் கத்திரிக்காய்ப் பச்சடி சாப்பிட்டான். (இலவம்பாடி முள் கத்திரிக்காய்தான், வேலூர்க்காரர்கள் வேறெதையும் கத்திரிக்காய் என்று எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.) மாவுப் பத்தியில் 6 கிராம் என்று எழுதி, அதற்கான ஊசியைப் போட்டுக்கொண்டான். பத்து மணிக்கு 112 இருந்தது, நிம்மதியாகப் படுத்தோம். ஒரு மணிக்கு 204. “மாமா, சத்தியமா நான் எதையும் திருடித் தின்னல” என்றான் பையன். அவன் சொன்னது உண்மை. அந்த ஏற்றத்தை எழுதத்தான் நோட்டில் பத்தி இல்லை.

நடந்தது இதுதான். புரதம் செரித்து அமினோ அமிலங்களாக இரத்தத்தில் சேரும்போது கணையம் இன்சுலினையும் குளுக்ககானையும் சேர்த்தே சுரக்கிறது. குளுக்ககான் கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்ல, இன்சுலின் அதை அடக்கி வைக்கிறது. முதல் வகை நீரிழிவில் உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரப்பதே இல்லை, அதாவது அடக்குவதற்கான ஆள் வீட்டில் இல்லை. உண்டு மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் சர்க்கரை ஏறுவது இதனால்தான். சோறு, இட்லி உண்பவர்களுக்கு மாவின் ஏற்றத்துக்குள் இது மறைந்துபோகும். மாவைக் குறைத்தவர்களுக்கு அதுவே தனித்துத் தெரியும். இரண்டாம் வகையில் சொந்த இன்சுலின் ஓரளவு மிஞ்சியிருப்பதால், பலருக்கு இந்த ஏற்றம் பெரிதாக இருப்பதில்லை.

‘புரதச் சர்க்கரை’ என்ற சொல்லை நான் எதிர்ப்பது இந்த இடத்தில்தான். பனஞ்சர்க்கரை பனையிலிருந்து வருவதுபோல இறைச்சியிலிருந்து அப்படியே சர்க்கரை வருகிறது என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. ஒரு மருத்துவமனைத் துண்டறிக்கையில் இதே சொல்லைப் படித்துவிட்டு, குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியம்மா காலை முட்டையை நிறுத்தி, பசிக்கு இரண்டு இட்லியைக் கூட்டிக்கொண்டார். மாத்திரையில் இருப்பவர் அவர். அவருக்கு முட்டையால் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை.

அதோடு, எவ்வளவு சர்க்கரை என்பதிலும் ஒரே விடை கிடையாது. புரதத்தின் எடையில் 58 விழுக்காடு சர்க்கரையாகலாம் என்கிறது பழைய கணக்கு. அதன் பிறப்பு சுவையானது: சிறுநீரில் சர்க்கரை ஒழுகும்படி புளோரிசின் கொடுக்கப்பட்ட நாய்களில், வெளியேறும் ஒவ்வொரு கிராம் நைட்ரஜனுக்கும் 3.65 கிராம் குளுக்கோஸ் வருவதை அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் கிரஹாம் லஸ்க் அளந்தார். புரதத்தின் எடையில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், பெருக்கினால் 58 கிடைக்கிறது. போலந்து நாட்டவர் வகுத்த வார்சா முறையோ, கொழுப்பும் புரதமும் சேர்ந்து தரும் 100 கலோரியை 10 கிராம் மாவாக எண்ணுகிறது. ஒரு கிராம் புரதம் 4 கலோரி என்பதால், தனிப் புரதத்துக்கு அது 40 விழுக்காடு ஆகும். முதல் வகை நோயாளிகளுக்கு ஊசியில்லாமல் புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 50 கிராம் வரை பெரிய மாற்றமில்லை. 75 கிராமைத் தொட்டபோது, தாமதமாக, ஏறத்தாழ 20 கிராம் குளுக்கோஸ் அளவுக்கு ஏறியது. ஆக, அதே 75 கிராமுக்கு 43, 30, 20 என மூன்று விடைகள். ஆளுக்கு ஆள் மாறும் இந்த எண்ணை அவரவர் மருத்துவரோடு பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட எண்ணுக்குச் சர்க்கரை என்று பெயரிடுவது தவறு.

‘புரத நிகர்’ அழகான சொல்தான். ஆனால் நார்ச்சத்தைக் கழித்த மாவை ‘நிகர மாவு’ என்று, மாவைக் குறைத்து உண்ணும் பேலியோக்காரர்கள் ஏற்கெனவே வழங்குகிறார்கள். இரண்டும் ஒரே நோட்டில் வந்தால் குழப்பம் நிச்சயம். ‘சமானம்’ பற்றிச் சொல்ல அதிகமில்லை. எத்தனைக்கு எத்தனை சமம் என்பதோடு அது நின்றுவிடுகிறது.

‘ஈடு’ அப்படி நிற்பதில்லை. ஒப்பு என்பதும் அதன் பொருள், இழப்பை நிரப்புவது என்பதும் அதன் பொருள். இந்தப் புரதத்துக்கு ஈடு எவ்வளவு மாவு என்று கேட்கலாம். அதை ஈடுகட்ட எவ்வளவு இன்சுலின், எப்போது என்றும் அதே சொல்லால் கேட்கலாம். பின்னது முக்கியம், ஏனெனில் விரைவு இன்சுலின் அடங்கும் நேரத்தில்தான் புரதம் ஏறத் தொடங்குகிறது. குறைமாவு முறையை வலியுறுத்திய டாக்டர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன், இதற்காகவே மெதுவாக வேலை செய்யும் பழைய ரெகுலர் இன்சுலினை விரும்பினார்.

மறுப்புகளையும் நானே சொல்லிவிடுகிறேன். நகையை ஈடு வைப்பது உண்டு, ஓர் ஈடு இட்லி வேகவைப்பதும் உண்டு. இடம் நோக்கிப் பொருள் தெரியும் என்பதால் இவை தடையல்ல. உண்மையான சிக்கல் புணர்ச்சியில் இருக்கிறது. இலக்கணப்படி சேர்த்தெழுதினால் ‘புரதவீடு’ என்றாகி, முட்டைக்கு வாடகை கேட்கும் நிலை வந்துவிடும். பிரித்தே எழுத வேண்டும் என்று இப்போதே வரையறுத்துவிடலாம்.

இன்னொன்று: ஈட்டைக் கணக்கிட வேண்டியது புரதத்தின் எடைக்கு, கறியின் எடைக்கு அல்ல. வெந்த ஆட்டுக்கறி 100 கிராமில் புரதம் 25 கிராம் அளவில்தான் இருக்கும். ஒரு முட்டையில் 6. அந்த ஞாயிறு பையன் உண்டது ஏறக்குறைய 62 கிராம் புரதம். வரையறை எழுதும்போது இதை முதல் வரியிலேயே சேர்க்க வேண்டுகிறேன்.

பின்னிரவு ஏற்றத்துக்குத் தனியே ‘பின்னேற்றம்’ என்று சொல்லலாமா என்பதில் ஆம்பூர் அம்மாவின் கருத்தை அறிய விரும்புகிறேன். நோட்டில் மாவுக்கும் ஊசிக்கும் நடுவே ஆறாவது பத்தி போட்டாயிற்று. இடம் குறுகல் என்பதால் தலைப்பில் ‘பு.ஈ.’ என்று மட்டும் பையன் பென்சிலால் எழுதியிருக்கிறான். குழு முடிவு செய்ததும் பேனாவால் எழுதிக்கொள்வான்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து