லிட்டரா, கிலோவா: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

ஏற்காடு ஏரிப் பக்கம் மிளகும் தேனும் விற்கிறேன். ஒரு கிலோ தேனை 750 மில்லி பாட்டிலில் அடைப்போம். தேனின் அடர்த்தி லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1.42 கிலோ, அதனால் ஒரு கிலோ 705 மில்லியிலேயே முடிந்துவிடும். கழுத்துப் பக்கம் காலியாகத் தெரியும். சுற்றுலா வந்த ஒருவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாட்டிலே முக்கால் லிட்டர்தான், அதுவும் நிரம்பலை. இதுல எப்படிங்க ஒரு கிலோ?" என்றார்.

வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலி பாட்டிலைத் தராசில் வைத்தேன், 300 கிராம். விளிம்பு வரை தண்ணீர் பிடித்தால் 1,050. அதாவது 750 மில்லித் தண்ணீர், 750 கிராம். துடைத்துவிட்டு அதே அளவுக்குத் தேன் ஊற்றினேன், 1,365. தேன் மட்டும் 1,065 கிராம். மனிதர் சிரித்துவிட்டு, "சரி, அப்போ கிலோ விலைக்கே ஒரு லிட்டர் கொடுங்க" என்கிறார்! விவரமான ஆள்.

---

எண்ணெயில் கதை தலைகீழ். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எண்ணெய் வாங்கிக் கல்யாணச் சமையல் செய்கிறேன். ஒரு கடையில் டின் விலை நூறு ரூபாய்க்கு மேல் குறைவு என்று எடுத்தார் எங்கள் மாஸ்டர். ஒட்டியிருந்த சீட்டில் 15 லிட்டர் என்று இருந்தது. நாங்கள் வழக்கமாக வாங்குவது 15 கிலோ டின். கடலை எண்ணெய் லிட்டருக்கு 910 கிராம் சுமார். 15-ஐ 0.91-ஆல் பெருக்கினால் 13.65 கிலோ. ஒன்றே கால் கிலோவுக்கு மேல் குறைகிறது, அப்புறம் என்ன லாபம்? கடைக்காரர் மேல் தப்பில்லை, சீட்டில் தெளிவாகத்தான் போட்டிருந்தார்.

---

சங்ககிரியிலிருந்து டேங்கர் ஓட்டுகிறேன். கொள்ளளவு 12,000 லிட்டர். டீசல் லிட்டருக்கு 0.83 கிலோ என்றால் முழு லோடு 9,960 கிலோ, கவலையில்லை. மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு, ஏற்றினால் லிட்டருக்கு 1.4 கிலோ வரும். முழுக்க நிரப்பினால் 16,800 கிலோ, எடை மேடையிலேயே மாட்டிக்கொள்வோம். இந்த வண்டியில் ஏற்றக்கூடிய 12 டன்னுக்கு 8,570 லிட்டரோடு நிறுத்த வேண்டும். பார்க்கிறவர்கள் ஏன் குறையாக ஏற்றினாய் என்பார்கள். ஆனால் அந்தக் காலி இடம்தான் ஆபத்து. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் போட்டால் உள்ளே இருப்பது மொத்தமும் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். உள்ளே தடுப்புத் தகடு இருக்கிற டேங்கரில் அவ்வளவு தெரியாது. இல்லாத வண்டியில் முதல் வளைவிலேயே கியரைக் குறைத்துவிடுவேன்.