படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வது ஆராதனையில் சேருமா?

கீழத்தெரு:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). என் அக்காவின் மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். துடைத்துவிடுவது, மலஜலம் எடுப்பது, ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அக்கா ஒருத்திதான். அத்தான் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் ஒழுங்காக அனுப்பிவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. நாத்தனார்கள் பக்கத்து ஊர்தான். கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், 'எங்க அம்மா குடுத்து வச்சவ, இப்படி ஒரு மருமக யாருக்குக் கிடைக்கும்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அக்கா கோயிலுக்குப் போய் ரொம்ப நாளாகிறது. பெண்கள் ஐக்கியத்தில் 'அவ ஆவிக்குரிய வாழ்க்கை சரியில்ல, ஆராதனைக்கே வர்றதில்ல' என்று பேச்சு வேறு.

போன ஞாயிறு பிரசங்கம் 2 சாமுவேல் 24. அர்வனா என்பவன் தன் போரடிக்கிற களத்தையும் மாடுகளையும் சும்மா தருகிறேன் என்றபோது தாவீது ராஜா இலவசமாக வாங்கிப் பலியிட மாட்டேன் என்று ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினானே, அந்தப் பகுதி. 'கைக்கு வலிக்காமல் கொடுப்பது ஆராதனையே அல்ல' என்றார் பிரசங்கியார். சரி, நல்ல பிரசங்கம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கட்டட நிதிக் கவர் வந்தது, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பெயரோடு எழுதி. வீட்டுக்கு வந்தால் அக்கா அந்தக் கவரை வைத்துக்கொண்டு, 'கோயிலுக்கும் போகல, இதையாவது கொடுக்கணும்ல' என்று கம்மலைக் கழற்றப் பார்க்கிறாள்.

எனக்கு இரண்டு கேள்வி. அக்கா செய்வது ஆராதனையில் சேருமா, இல்லை அது வீட்டுக் கடமை, ஆராதனை தனியா? இன்னொன்று, தன்னையே கொடுப்பது எதுவரைக்கும் தியாகம், எதற்கு மேல் ஏமாளித்தனம்?

ஞாயிறு மணி:
தம்பி, முதலில் அந்தக் கம்மலைக் கழற்ற விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் பல வருடம் கிராமச் சபைகளில் உபதேசியாராக இருந்தவன், இந்த அதிகாரத்தை நானும் நிதி திரட்டும்போது எடுத்துப் பேசியவன்தான். ஆனால் முழுசாக வாசித்துப் பாருங்கள். ஜனத்தைக் கணக்கெடுத்தது தாவீது. அதற்குத் தண்டனையாக வந்த கொள்ளைநோயில் செத்தது எழுபதினாயிரம் ஜனங்கள். 'நான்தான் பாவம் செய்தேன், இந்த ஆடுகள் என்ன செய்தது' என்று 17ஆம் வசனத்தில் அழுகிறான். அதற்குப் பிறகுதான் களத்தை விலைக்கு வாங்குகிறான். அதாவது தப்புச் செய்த ராஜா தன் கைப்பணத்தைப் போட்டு வாங்குகிறான். வீட்டுக்கு இவ்வளவு என்று எருசலேமில் கவர் விட்டதாக அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதிகாரத்தில் இருக்கிறவர் முதலில் தன் மடியை அவிழ்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு அதில் தெரிவது.

ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசையும் இப்படித்தான் இழுப்பார்கள். மாற்கு 12இல் அந்தப் பெண் வருவதற்கு முந்தின பேச்சே, விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரைப் பற்றிய எச்சரிக்கை. அவள் கதை முடிந்து 13ஆம் அதிகாரம் திறந்தவுடன் ஒரு சீஷன் தேவாலயத்தைப் பார்த்து 'இந்தக் கல்லுகள் எப்படிப்பட்டது, இந்தக் கட்டடங்கள் எப்படிப்பட்டது' என்று வியக்கிறான், இயேசுவோ ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் இராது என்கிறார். அவள் மனதை அவர் மதித்தார், சந்தேகமில்லை. அவள் கையில் மிச்சமிருந்ததையும் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டை மதித்தாரா என்பது வேறு கேள்வி.

உங்கள் முதல் கேள்விக்கு ரோமர் 12:1. உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை என்கிறார் பவுல். சரீரம் என்றால் இடுப்பு, முதுகு, தூக்கம் எல்லாம்தானே. எபிரெயர் 13இல் ஸ்தோத்திரபலியைச் சொன்ன கையோடு, நன்மை செய்வதையும் தானதர்மம் பண்ணுவதையும் மறக்காதீர்கள், இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார் என்று அடுத்த வசனம் போகிறது. நாம் முதல் வசனத்தைப் பாட்டாகப் பாடுகிறோம், அடுத்ததற்கு ராகம் போட ஆளில்லை.

எங்கள் அம்மா காலத்தில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாகப் பானையில் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அடுப்படியில் நின்றுகொண்டே கொடுக்கிற காணிக்கை அது. அந்த மாதிரிச் சபையில் வளர்ந்தவர்களுக்கு உங்கள் அக்காவின் அடுப்படி கண்ணில் படவில்லை என்றால் வருத்தமாக இருக்கிறது.

மணப்பாட்டுக் காற்று:
நான் கத்தோலிக்கன், நுழையலாமா? எதுவரைக்கும் தியாகம் என்ற கேள்வியை எங்கள் சபையே ஒருதடவை பெரிய அளவில் பேச வேண்டியிருந்தது, அதனால் சொல்கிறேன்.

மாக்சிமிலியன் கோல்பே, போலந்துக்காரர், பிரான்சிஸ்கன் குரு. 1941இல் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டான் என்று பத்துப் பேரைப் பட்டினிபோட்டுக் கொல்ல வரிசையிலிருந்து பிரித்து எடுத்தார்கள். அதில் ஒருவர் பிரான்சிசேக் கஜோவ்னிசேக், மனைவி பிள்ளைகளை நினைத்துக் கதறினார். கோல்பே வரிசையை விட்டு முன்னால் வந்து, இவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார். நிலவறையில் அடைத்த பிறகு உள்ளேயிருந்து செபமும் பாட்டும் கேட்டதாக, அங்கே மொழிபெயர்ப்பு வேலைக்கு வைத்திருந்த இன்னொரு கைதி பிற்பாடு சாட்சி சொன்னார். தண்ணீர்கூட இல்லாமல் இரண்டு வாரம். கடைசியில் ஆகஸ்டு 14 அன்று ஃபீனால் ஊசி போட்டுக் கொன்றார்கள். உயிர் தப்பிய கஜோவ்னிசேக் 1995வரை வாழ்ந்தார்.

விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டால்தான் மறைசாட்சி என்பது வழக்கம். இவர் செத்தது முன்பின் அறியாத ஒரு மனிதருக்காக. அதனால் 1971இல் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் இவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது மறைசாட்சி என்ற வரிசையில் வைக்கவில்லை. 1982 அக்டோபர் 10 அன்று, புனிதர் பட்டம் கொடுக்கும்போது, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அந்தத் தயக்கத்தை மீறி, மறைசாட்சிகளுக்குரிய சிவப்பு உடையில் வந்து இவரை மறைசாட்சியாகவே அறிவித்தார். கஜோவ்னிசேக் அங்கே இருந்து பார்த்தார். ஆக, பக்கத்திலிருக்கிறவனுக்காகத் தன்னைக் கொடுப்பது தேவனுக்குக் கொடுப்பதைவிட ஒரு படி கீழே அல்ல என்பது எங்கள் பக்கத்துப் பதில். உங்கள் அக்கா செய்வதும் பலிபூசைதான் என்பேன்.

வார்டு எண் 6:
மேலே இருக்கிற இரண்டு அண்ணன்மாரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டீர்கள். நான் நர்ஸ், கிறிஸ்தவள், இந்த மாதிரி அக்காக்களைத் தினமும் பார்க்கிறேன்.

கோல்பே முன்னால் வந்தார், அதுதான் விஷயமே. யாரும் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளவில்லை. இயேசுவும் யோவான் 10:18இல் என் ஜீவனை ஒருவனும் என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ள மாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன் என்கிறார். நம் வீடுகளில் மருமகளை யார் கேட்டார்கள், நீ கொடுக்கிறாயா என்று? வேறு ஆளில்லாமல் அவள் தலையில் விழுந்த வேலை, அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். கண்ணீரோடு புகழ்ந்த நாத்தனார் ஒரு ராத்திரி தங்கி அம்மாவுக்குத் துணி மாற்றினாரா? 'கொர்பான்' கதை ஞாபகம் இருக்கிறதா, மாற்கு 7? தேவனுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டேன், அதனால் அப்பா அம்மாவுக்குச் செய்ய முடியாது என்று தப்பித்துக்கொள்கிறவர்களை இயேசு விட்டாரா?

அதற்காக அக்கா செய்வது வீண் என்று சொல்லவில்லை. அவரே மனதாரச் செய்தால் அதைவிடப் பெரிய ஆராதனை எனக்குத் தெரியாது. ஆனால் அது அவர் வாயிலிருந்து வர வேண்டும், நாம் இங்கே உட்கார்ந்து பட்டம் கொடுக்கக் கூடாது. நீங்கள் தம்பிதானே, கேட்டீர்களா அவரிடம்?

வேலைக்கு ஆகிற சங்கதி: இரண்டு மணிக்கொருதடவை புரட்டுவது சரி. குதிகால், வால் எலும்பு, இடுப்பெலும்பு இந்த மூன்று இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினம் பார்க்கச் சொல்லுங்கள், விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறவில்லை என்றால் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அத்தான் அனுப்புகிற பணத்தில் ஒரு ஏர் பெட் வாங்குங்கள். தனியாளாகத் தூக்க வேண்டாம், அடியில் மடித்த போர்வையைப் போட்டு இரண்டு பேராக இழுக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் வீட்டில் இரண்டு பேர் படுக்கையில் இருப்பார்கள்.

பனங்கருக்கு:
ஒரு சின்ன இடைச்செருகல். 1 நாளாகமம் 21இல் தாவீது வாங்கிய அதே நிலத்துக்கு அறுநூறு சேக்கல் பொன் என்று இருக்கிறது. கட்டட நிதிக் கமிட்டிக்குச் சொல்லிவிடாதீர்கள், கவரில் தொகையை மாற்றிவிடுவார்கள் 😀

கீழத்தெரு:
எல்லோருக்கும் நன்றி. வார்டு எண் 6 அக்கா, கேட்கவில்லை என்பதுதான் உண்மை. நேற்று ராத்திரி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அத்தைக்குச் செய்றதுல எனக்குக் கஷ்டமில்லடா, என்னைக் கல்யாணமான புதுசுல மகளாட்டம் வச்சிருந்தவங்க. கோயில்ல நற்கருணை எடுக்காம இருக்கேன்ல, அதுதான்' என்றாள். நாத்தனார்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளுக்குப் பதிலாக எனக்குத்தான் கோபம்.

ஞாயிறு மணி:
வியாதியஸ்தர் இருக்கிற வீட்டுக்குச் சபைக் குருவானவர் வந்து நற்கருணை கொடுப்பது உண்டே. நாளைக்கே சேகரகுருவிடம் போய், மாமியாருக்கும் மருமகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பெண்கள் ஐக்கியத்துச் செயலாளரையும் கூடவே வரச்சொல்லுங்கள், வீட்டைப் பார்க்கட்டும்.

வார்டு எண் 6:
அதோடு நாத்தனார்களுக்கு நீங்களே போன் போடுங்கள், அக்காவைப் பேச விடாதீர்கள். மாதத்தில் ஆளுக்கு ஒரு வாரக் கடைசி, சனி சாயங்காலம் வந்தால் ஞாயிறு மதியம் போகலாம் என்று தேதியோடு சொல்லுங்கள். மற்ற ஞாயிறுகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்தானே? புரட்டிப் படுக்கவைக்க ஆம்பளைக்கும் கை உண்டு.