பொருள்: ஆமைக்கு ‘மன அழுத்தம்’ பொருந்துமா?

அண்ணாச்சி, வணக்கம். ஆங்கிலத்தில் ‘capture stress’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகையில் நீங்கள் கேட்டது இது:

> வலையில் சிக்கும் கடலாமைக்கு ‘பிடிப்பு மன அழுத்தம்’ எனலாமே?

ஆய்வாளர் அளப்பது ஆமையின் இரத்தத்தை; மனம் அந்தக் கணக்கிலேயே இல்லை. ‘மன’த்தை வெட்டினால் மிஞ்சும் ‘அழுத்தம்’ இன்னும் தொல்லை. முக்குளிக்கும் விலங்கைப் பற்றி எழுதும்போது நீரழுத்தம், இரத்த அழுத்தம் எல்லாம் ஒரே பத்தியில் வந்து மோதும். ‘stress’க்கு இன்னொரு சொல்லான ‘தகைவு’ ஏற்கெனவே இயற்பியல்காரர்கள் கையில். இலங்கை உளமருத்துவ எழுத்தில் ‘உளநெருக்கீடு’ புழங்குகிறது. ‘உள’த்தை விட்டு ‘நெருக்கீடு’ மட்டும் எடுத்துக்கொள்வோம்.

‘பிடிப்பு’ என்றால் தசைப்பிடிப்புதான் முதலில் நினைவுக்கு வரும். குளச்சல், முட்டம் பக்கத்து மீனவர்கள் வலையை ‘மடி’ என்பார்கள்; ஆமை சிக்கினால் ‘மடியில் ஆமை பட்டுது’ என்பார்கள். மீன்பாடு என்பதும் அந்தப் ‘படு’ தானே. ‘பாட்டு நெருக்கீடு’ என்று வைத்தால் கச்சேரி ஞாபகம் வரும், வேண்டாம். ‘பிடிபடு நெருக்கீடு’ என் தேர்வு. வினைத்தொகை என்பதால் பிடிபட்ட ஆமைக்கும் பிடிபடும் ஆமைக்கும் பொருந்தும்.

அடுத்தது, உடலுக்குள் நடப்பதற்கு ஒரு சொல். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோன் இரத்தத்தில் ஏறுகிறது. நம் உடலில் கார்ட்டிசால் பார்க்கும் வேலையை ஊர்வனவற்றில் முக்கியமாகப் பார்ப்பது இதுதான். பிடித்த கணமே ஏறிவிடாது. ஆகவே முதல் சில நிமிடங்களுக்குள் கழுத்தின் மேற்புறத்தில் எடுக்கும் இரத்தத்தில் உள்ளதை ‘அடிநிலை அளவு’ என்போம். அதற்குப் பிறகான உயர்வை ‘பிடிபடு நெருக்கீட்டுச் சுரப்பு’ எனலாம். இழுவைமடிக்குள் மூச்செடுக்க மேலே வர முடியாத ஆமைக்கு ஆக்சிஜன் போதாதபோது தசையில் உண்டாகும் லாக்டேட்டும் கூடி இரத்தம் அமிலத்தன்மை அடையும். அது மூச்சுமுட்டலின் கணக்கு, இதோடு கலக்க வேண்டாம்.

இரண்டு சொல் எதற்கு என்று கேட்பீர்கள். பங்குனி ஆமைகள், அதாவது ஆலிவ் ரிட்லிகள், கோஸ்டாரிகாவில் கூட்டமாக முட்டையிட வந்தபோது ஆய்வாளர்கள் சிலவற்றை மல்லாத்திப் போட்டு, அந்த நெருக்கீட்டில் ஹார்மோனை அளந்தார்கள். பல பெண் ஆமைகளில் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறவே இல்லை. நெருக்கீடு உண்டு, ஏற்றம் இல்லை! இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இந்த முடிவைத் தமிழில் எழுதவே முடியாது.

———

தம்பி,

‘பிடிபடு நெருக்கீடு’ சரி, எனக்குச் சம்மதம். ‘சுரப்பு’தான் இடிக்கிறது. சுரப்பி எவ்வளவு விடுகிறது என்பதை யாரும் நேராகப் பார்க்கவில்லை. இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். உடல் அதைக் கழிக்கும் வேகம் குறைந்தாலும் அளவு கூடும். ‘பிடிபடு ஹார்மோன் ஏற்றம்’ என்று போடுங்கள். ‘ஹார்மோன்’ பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது, அதையும் மாற்ற இப்போது கிளம்ப வேண்டாம்.

———

அண்ணாச்சி, ‘ஏற்றம்’ நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன். அந்த ரிட்லிகளுக்கு ‘ஏற்றமின்மை’ என்றே எழுதிவிடலாம். ‘அடிநிலை அளவு’க்கு மறுப்பு இருந்தால் மற்றவர்களும் சொல்லுங்கள்.