கீழ்க்கோர்ட்டில் தோற்று அப்பீல் போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

எங்களுடையது வண்டித்தடத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் தள்ளுபடி ஆகி, சப் கோர்ட்டில் அப்பீல் போட்டோம். மறுபடியும் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று அப்பா சலவை வேட்டியோடு கிளம்பிவிட்டார். வக்கீல்தான், "ஐயா, இங்க சாட்சி விசாரணை இல்லீங்க, கீழே பதிவானதைத்தான் படிப்பாங்க" என்று உட்கார வைத்தார். ஆனால் முதல் அப்பீலில் (சிவில் நடைமுறைச் சட்டம் 96-வது பிரிவு) சட்டப் பிரச்சினை மட்டுமில்லை, நடந்தது என்ன என்பதையும் அந்த நீதிபதி புதிதாக ஆராயலாம்.

எங்களைக் காப்பாற்றியது அதுதான். இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனர் சர்வேயரை வைத்து அளந்து பிளானோடு அறிக்கை கொடுத்திருந்தும் கீழ்க்கோர்ட் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பீலில் நீதிபதி அந்தப் பிளானையும் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் பக்கம் பக்கமாக விரித்து, "மாமூல் வண்டித்தட பாத்தியம் சகிதம்" (வழக்கமான வண்டித்தட உரிமையோடு) என்ற வரியில் பேனாவை வைத்து, அப்ப இந்தத் தடம் எங்கே போச்சு என்று எதிர்த்தரப்பு வக்கீலைக் கேட்டார். பதில் வரவில்லை.

எஃப்.எம்.பி. (சர்வே புல வரைபடம்) நகலைப் புதிதாகச் சேர்க்க அதே சட்டத்தின் ஆர்டர் 41, ரூல் 27-இல் போட்ட மனு மட்டும் எடுபடவில்லை. கேட்டால் கிடைக்கிற ஆவணத்தைக் கீழேயே ஏன் தாக்கல் செய்யவில்லை என்றார்கள். எரிச்சல்தான், ஆனால் நியாயம். அப்புறம் எதிர்த்தரப்பு ஐகோர்ட்டில் இரண்டாம் அப்பீல் போனது. அங்கே 100-வது பிரிவுப்படி முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் எடுப்பார்கள், அனுமதிக் கட்டத்திலேயே தள்ளுபடி.

*

ஸ்டே (தீர்ப்பை நிறைவேற்றாமல் நிறுத்தி வைக்கும் உத்தரவு) பற்றி யாரும் சொல்லவில்லையே! என் மச்சானுக்குப் புரோநோட் வழக்கில் பணம் கட்டச் சொல்லி டிக்ரி (தீர்ப்பாணை). அப்பீல் கோர்ட்டில் ஏற்று நம்பர் ஆகிவிட்டது, இனி எவனும் வரமாட்டான் என்று இருந்தார். கோர்ட் ஊழியரான அமீனா ஜப்தி வாரண்டோடு வாசலில் நிற்கிறார். அப்பீல் போட்டாலே டிக்ரி நின்றுவிடாது, ஸ்டேவுக்குத் தனி மனு வேண்டும். பாதிப் பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

*

மேலே சொன்னதோடு, தீர்ப்பு வந்ததும் அதன் நகல் கேட்டு மனுப் போட்டுவிடுங்கள். அப்பீல் போடக் கெடு, மாவட்டக் கோர்ட், சப் கோர்ட் என்றால் 30 நாள், ஐகோர்ட்டுக்கு 90. நகல் தயாராக ஆகும் நாளைக் கெடுவில் சேர்க்க மாட்டார்கள், மனுவே போடாமல் வீட்டில் இருந்த நாள் கெடுவில் சேரும்.