ஜோர்ஜ்டவுனுக்கு மாற விண்ணப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். தங்கச்சி வந்தாறுமூலை கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) கலைப்பீடம், முதலாம் வருடம். சர்வதேச உறவுகள்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வாஷிங்டனில் உள்ள ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுச் சேவைக் கல்லூரிக்கு இடையில் மாற விண்ணப்பிக்கப் போகிறாள். அந்தக் கல்லூரி 1919இல் தொடங்கியது, பில் கிளிண்டன் படித்த இடம். அனுமதி குதிரைக்கொம்புதான். ஆனால் பிள்ளை கெட்டிக்காரி. களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் நெரிசலிலும் கையில் புத்தகம் இருக்கும்.

இங்கே தமிழில் படித்த பாடங்களின் விபரத்தை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். கம்பஸ் பதிவாளரின் கையொப்பம் போதுமா, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரும் வேண்டுமா? அப்புறம், அங்கே பட்டம் பெற இன்னொரு மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். தமிழைக் காட்டி அதை முடித்தவர்கள் உண்டா? எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை காசு. இடையில் மாறிப் போகும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு நிதியுதவி கிடைத்த அனுபவம் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.