ரீகாவில் மகளை ரஷ்யப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: அண்ணா, அடுத்த மாதம் குடும்பத்தோடு லாத்வியாவின் தலைநகர் ரீகாவுக்கு வருகிறோம். மகளுக்கு ஆறு வயது. நாங்கள் பார்த்திருக்கும் குடியிருப்பில் எல்லாரும் ரஷ்ய மொழிதான் பேசுகிறார்களாம். ரஷ்யப் பள்ளியில் சேர்த்துவிடலாமா?

பதில்: அரசுப் பள்ளிகளில் இப்போது அப்படி ஒன்று கிடையாதும்மா. 2023 செப்டம்பரில் மழலையர் பள்ளியையும் 1, 4, 7 ஆம் வகுப்புகளையும் லாத்விய மொழிக்கு மாற்றினார்கள். 2025 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு வரை மாற்றி முடித்தார்கள். மேல்வகுப்புகள் அதற்கு முன்பே மாறிவிட்டன. பழைய ரஷ்யப் பள்ளிகளில் பாடம் லாத்வியத்தில் நடக்கும், இடைவேளையில் பிள்ளைகள் ரஷ்ய மொழியில் பேசிக்கொள்வார்கள். மகள் ஒரே நேரத்தில் இரண்டு புது மொழிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். லாத்வியம் பேசும் பிள்ளைகள் அதிகமாக இருக்கும் பள்ளியாகப் பாருங்கள். இங்கே முதல் வகுப்பு ஏழு வயதில்தான். அதற்கு முந்தைய ஆயத்தக் கல்வி கட்டாயம், அதை மொழி பழகும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி என்றால் நமக்குச் சட்டென்று சூடேறிவிடும். இங்கே பொறுமையாகக் கேளுங்கள். சோவியத் காலத்தில் ரஷ்யப் பள்ளி, லாத்வியப் பள்ளி என்று தனித்தனியாக நடந்தன. சோவியத்தின் பிற பகுதிகளிலிருந்து ஏராளமானோர் குடியேறியதில், 1989-இல் லாத்வியர்கள் தங்கள் நாட்டிலேயே 52 சதவீதம்தான். மொழி அழிந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை. எதிர்ப்பக்கத்து வலியும் நிஜம்தான். ரஷ்ய மொழியிலேயே படித்து வளர்ந்த பாட்டி, பேத்தியின் வீட்டுப்பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார். ஐ.நா. நிபுணர்கள் 2023-இல் இதைப் பற்றிக் கவலை தெரிவித்தார்கள். அதே ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ, பள்ளிகளில் லாத்வியத்தின் பங்கைக் கூட்டி 2018-இல் கொண்டுவந்த முந்தைய மாற்றத்தில் உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது.

இங்குள்ள ரஷ்ய மொழிக்காரர்கள் பேரைச் சொல்லி மாஸ்கோ லாத்வியாவைக் கண்டிப்பதுதான் நிலைமையைக் கெடுக்கிறது. உக்ரைன் போருக்குப் பிறகு அப்படி வரும் ஒவ்வொரு கண்டனமும் இங்கே பாதுகாப்பு மிரட்டலாகத்தான் கேட்கிறது. சந்தேகப் பார்வை விழுவதென்னவோ உங்கள் எதிர்வீட்டுக்காரர் மேல். ரஷ்ய மொழி பேசுகிறவர்களெல்லாம் மாஸ்கோ ஆதரவாளர்கள் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். பள்ளி வாசலில் இந்தப் பேச்சு எழுந்தால் நாமாக எந்தப் பக்கமும் பேசப் போக வேண்டாம். முதலில் 'லப்தியன்' என்று லாத்வியத்தில் வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் ரஷ்யத்தில் பதில் சொன்னால் அதுவும் சரிதான்.

அப்புறம், வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே அந்த முகவரியில் வசிப்பிடப் பதிவுக்குச் சம்மதமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். நகராட்சி மழலையர் பள்ளி வரிசைக்கு அந்தப் பதிவு முக்கியம்.