ஓரட்டோரியோ: தமிழில் எப்படிச் சொல்வது?

வா. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். இசை வரலாற்றுப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போலந்து இசையமைப்பாளர் பெலிக்ஸ் நோவோவியெய்ஸ்கியின் ‘குவோ வாதிஸ்’ (1907) என்ற ஓரட்டோரியோவில் நிற்கிறேன். கதை போலந்து எழுத்தாளர் சியென்கியேவிச்சின் புதினம். நீரோ காலத்தில் ரோம் எரிகிறது, பழி கிறித்தவர்கள்மேல் விழுகிறது, நகரைவிட்டு வெளியேறும் பேதுரு ஆப்பிய நெடுஞ்சாலையில் இயேசுவைக் காண்கிறார். தனிக்குரல்கள், பெரிய பாடகர் குழு, ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் உண்டு. நடிப்பும் வேடமும் இல்லை. ‘இசை நாடகம்’ என்ற சொல் நடித்துப் பாடும் ஆப்பெராவுக்குப் போய்விட்டது. வேறு சொல் தாருங்கள்.

க.ப. எழுதியது:
மூலச்சொல் இத்தாலியில் வேண்டுதல் கூடத்தைக் குறிக்கும். 16-ஆம் நூற்றாண்டு ரோமில் பிலிப்பு நேரியார் நடத்திய கூடத்திலிருந்து வந்த பெயர். நம் கத்தோலிக்கர் வேண்டுதலை ‘மன்றாட்டு’ என்கிறார்கள். மன்று என்றால் கூடம். கூடம், வேண்டுதல் இரண்டும் ஒரே சொல்லில் அமைந்திருக்க, ‘மன்றாட்டிசை’ என்பதைவிட வேறென்ன வேண்டும்? மன்றில் ஆடுவதால் தில்லைக் கூத்தனும் மன்றாடிதான். சோழர் கல்வெட்டுகளில் கோயில் விளக்கு நெய்க்காக ஆடுகளை ஏற்ற இடையரும் மன்றாடி. இதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

செ. எழுதியது:
ஐயா, இந்தப் படைப்பில் பாடகர் குழு ஓரிடத்தில் நிலவறைக் கல்லறையில் வேண்டும் கிறித்தவர். வேறோரிடத்தில் எரியும் நகரில் கொதித்தெழும் ரோமானியர். அந்தக் கூச்சலை மன்றாட்டு என்று எப்படி அழைப்பது? தொல்காப்பியர் சொன்ன செய்யுள் வனப்பு எட்டில் ‘தொன்மை’ உண்டே, ‘உரையொடு புணர்ந்த’, அதாவது உரைநடை கலந்த, பழங்கதை. ‘தொன்மையிசை’ எனலாம்.

நி. எழுதியது:
உரை எங்கே இருக்கிறது? இதில் கதையும் பாட்டாகவே வருகிறது. இன்னொரு போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கியின் ‘லூக்கா திருப்பாடுகள்’ (1966) என்ற படைப்பில் கதைசொல்லும் நற்செய்தியாளர் பாடாமல் பேசுகிறார். அதற்கு உங்கள் சொல் பொருந்தும். அதைவிட, போலந்து மூன்று பேரரசுகளுக்கிடையே பங்குபோடப்பட்டிருந்த நாளில் பிறந்த படைப்பு இது. ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களின் கதையில் அந்த மக்கள் தங்களையே கண்டிருப்பார்கள். ‘தொன்மை’ அந்தச் சூட்டைத் தணித்துவிடும். குழுவாகப் பாடுவதற்கு வானொலி தந்த ‘சேர்ந்திசை’ என்ற சொல் மாணவருக்குத் தெரியும். ‘சமயக்கதைச் சேர்ந்திசை’ போதும்.

க.ப. எழுதியது:
அது விளக்கம், கலைச்சொல் அன்று. மூன்று சொற்களை ஒட்டிவைத்தால் பெயராகிவிடாது.

வா. எழுதியது:
குழுவில் நால்வர் ‘சமயக்கதைச் சேர்ந்திசை’ என்கிறார்கள். முதல் இடத்தில் ‘ஓரட்டோரியோ’ என்றும் சேர்த்து அனுப்புகிறேன்.

க.ப. எழுதியது:
அனுப்புங்கள். சொற்பட்டியலில் ‘மன்றாட்டிசை’யையும் என் மறுப்போடு பதிவுசெய்யுங்கள். மன்றாடி பற்றிய கட்டுரை நாளை வரும்.